கிட்டங்கி நாய் ஏன் கடித்தது?



ஜி.எஸ்.டி. கணக்கு, தராசு முத்திரை, பருப்பு விலை என்று எழுதி வரும் இந்தப் பக்கத்தில் நாயைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக் கூடும். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். எங்கள் கிட்டங்கியில் ஒரு நாள் காலையில் நடந்த சம்பவம் எங்கள் எண்ணத்தை மாற்றி விட்டது.

துவரம் பருப்பு லோடு இறங்கிக் கொண்டிருந்த நேரம். நான்கு ஆண்டுகளாக எங்களிடம் மூட்டை தூக்கும் ஒருவரை எங்கள் நாய் ஆடுசதையில் கவ்வி விட்டது. குரைக்கவில்லை, உறுமவில்லை. "தெனமும் பார்க்கிற நாய் அண்ணாச்சி, ஒரு சத்தமும் இல்லாம வந்து புடிச்சிருச்சே" என்று அவர் உட்கார்ந்து விட்டார். அவரை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி விட்டுத் திரும்பினால், மற்ற சுமை தூக்குவோர் உள்ளே வர மறுத்து விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. லாரி மாலை வரை நின்றது. காத்திருப்புக் கூலி தனியாகக் கொடுத்தோம். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். நாய்க்கு வெறி பிடித்து விட்டது என்றார் ஒருவர். எங்காவது கொண்டு போய் விட்டு விடுங்கள் என்றார் இன்னொருவர். வாழைப்பழத்தில் மருந்து வைத்துக் கொடுத்து விடலாம் என்று காதோடு சொன்னவரும் உண்டு.

நாயைக் கூண்டு வண்டியில் ஏற்றி அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். மருத்துவர் தடுப்பூசிச் சீட்டைப் பார்த்தார். கடித்த விதத்தைக் கேட்டார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் எங்களுக்கு உறைத்தது: "இந்த நாய் உறுமுவதை எப்போது நிறுத்தியது?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. கூட வந்த கணக்குப்பிள்ளைதான் சொன்னார். வந்த புதிதில் தலையில் மூட்டையோடு யார் வந்தாலும் அது உறுமும். வியாபாரத்துக்கு வருகிறவர்கள் பயப்படுகிறார்களே என்று, உறுமிய போதெல்லாம் நாங்கள் பிரம்பால் ஒரு போடு போடுவோம். ஆறு மாதத்தில் உறுமல் நின்று விட்டது. நல்ல பழக்கம் வந்து விட்டது என்று நாங்கள் மகிழ்ந்து போனோம். "நீங்கள் நிறுத்தியது உறுமலை மட்டும்தான். உள்ளே இருந்த பயத்தை அல்ல" என்றார் மருத்துவர்.

உறுமல் என்பது நாய் தரும் நோட்டீஸ். கடன் பாக்கிக்கு நாம் முதலில் ஆள் அனுப்பிச் சொல்வோம், பிறகு கடிதம் எழுதுவோம், கடைசியில்தான் வக்கீல். நாயும் அப்படியே படிப்படியாகத்தான் போகிறது. இடையில் உள்ள படிகளை அடித்து அழித்து விட்டால் கடைசிப் படி மட்டுமே அதனிடம் மிஞ்சுகிறது.

உறுமலுக்கு முன் வரும் படிகள்

பலருக்கும் தெரியாதது இதுதான். உறுமுவதற்கு முன்னரே நாய் பல முறை சொல்லி விடுகிறது. பசியோ தூக்கமோ இல்லாத நேரத்தில் கொட்டாவி விடும், மூக்கு நுனியை நாக்கால் நக்கிக் கொள்ளும், முகத்தை ஒரு பக்கம் திருப்பிக் கொள்ளும். 'எனக்குச் சங்கடமாக இருக்கிறது, தள்ளிப் போ' என்பதே இதற்குப் பொருள். அடுத்த படியில் உடம்பு விறைக்கும், வாய் மூடிக் கொள்ளும், தலையைத் திருப்பாமல் கடைக்கண்ணால் பார்க்கும்; கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரியும். தின்று கொண்டிருந்த நாய் திடீரென்று தின்பதை நிறுத்திச் சிலை போல நின்றால், அந்த இடத்தில் நிற்கக் கூடாது.

வாலாட்டினால் சிநேகம் என்பது பாதி உண்மைதான். உடம்பு முழுவதும் நெளிய, வால் தளர்ந்து அகலமாக ஆடினால் அது மகிழ்ச்சி. வாலை விறைப்பாக உயர்த்தி, நுனி மட்டும் படபடவென்று ஆடினால் அது சண்டைக்கு முன்னேற்பாடாகவும் இருக்கலாம். இத்தாலிய ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு செய்தி சுவையானது. வளர்த்தவரைப் பார்க்கும்போது நாயின் வால் அதன் வலப்பக்கமாகச் சற்று அதிகம் ஆடுகிறதாம். மிரட்டும் தோற்றமுள்ள அன்னிய நாயைப் பார்க்கும்போது இடப்பக்கமாக. கல்லாவில் உட்கார்ந்து கொண்டு வலமா இடமா என்று பார்க்க நமக்கு நேரம் இல்லை. ஆனால் வாலை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

எங்கள் சம்பவத்துக்கு வருவோம். நாய் அப்போது தின்று கொண்டிருந்தது. அதன் தட்டு நடைபாதை ஓரத்தில் இருந்தது. தலையில் சாக்கு மூட்டையோடு வருபவரின் முகமும் தோளும் மறைந்து போகும். நாய்க்கு அவர் தெரிந்த மனிதராகத் தெரிவதில்லை, ஏதோ பெரிய உருவம் தட்டை நோக்கி வருவதாகத்தான் தெரிகிறது. போதாக்குறைக்கு அது இரண்டரை அடிச் சங்கிலியில் கட்டியிருந்தது. விலகிப் போக வழி இல்லாத பிராணி வேறு என்ன செய்யும்? தட்டு வைத்த இடம், சங்கிலியின் நீளம், பிரம்படி ஆகிய மூன்றும் எங்கள் ஏற்பாடுகள். நாய் செய்தது கடைசியில் ஒரு கடி.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லி விடுகிறோம். நம் பக்கத்துக் கிட்டங்கிகளிலும் ஆலைகளிலும் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை இன நாய்களை விரும்பி வளர்க்கிறோம். ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. பால் வெள்ளை நிறமும் ரோஸ் நிற மூக்கும் உள்ள அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் வருவதுண்டு. வாங்கும்போது குட்டி பார்க்காதபடி பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். திரும்பாத குட்டியை வளர்க்கக் கூடாது என்பதில்லை; தூங்கும்போது பின்னாலிருந்து தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டுக் கடிக்கும் என்பது கடையில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குரைப்பது ஏன் நிற்பதில்லை?

கூரியர் பையன் வருகிறான். நாய் குரைக்கிறது. அவன் கவரைக் கொடுத்து விட்டுப் போகிறான். அவன் வேலை முடிந்து போகிறான் என்பது நமக்குத் தெரியும். நாயின் கணக்கு வேறு: 'குரைத்தேன், ஓடி விட்டான்.' தினமும் இந்தக் கணக்கு அதற்கு லாபத்தில் முடிகிறது. பைக்கைத் துரத்துவதும் இதே கணக்குதான். லாபம் வரும் தொழிலை நாம் விடுவோமா?

ரஷ்ய நாட்டு விஞ்ஞானி பாவ்லோவ், செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். சாப்பாட்டுக்கு முன்னால் ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தால், பிறகு அந்த ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் நாய்க்கு எச்சில் ஊறுகிறது என்று காட்டினார். காலையில் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டதும் தெருக்கோடியில் இருந்து நாய்கள் ஓடி வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே வழியில்தான் கெட்ட பழக்கமும் வருகிறது. மூட்டை தூக்குபவர் வரும்போதெல்லாம் அடி விழுந்தால், மூட்டையைப் பார்த்ததும் அடி ஞாபகம் வரும். அவர்கள் மேல் வெறுப்பை ஏற்றியது நாங்கள்தான் என்பதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாய்க்கு யார் எஜமானன் என்று காட்ட வேண்டும், அடித்து அடக்கினால்தான் அடங்கும் என்று இன்னமும் சொல்கிறார்கள். ஓநாய்க் கூட்டத்தில் ஒன்று மற்றவற்றை அடக்கி ஆள்கிறது என்ற கருத்திலிருந்து வந்த யோசனை அது. அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் ஷென்கெல் என்பவர் எழுதியது அதற்கு மூலம். 1970இல் தமது நூலில் அந்தக் கருத்தைப் பரப்பிய அமெரிக்கரான டேவிட் மெக், காட்டில் நேரில் பல காலம் கவனித்து விட்டு, ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தந்தை பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்று 1999இல் திருத்தி எழுதினார். திருத்தியது நம் ஊர் டீக்கடை வரை இன்னும் வந்து சேரவில்லை.

நாங்கள் செய்து பார்த்தது

மருத்துவர் சொன்னபடி முதலில் பிரம்பை எடுத்து ஒளித்து வைத்தோம். பிறகு நாயின் தட்டைக் கிட்டங்கியின் பின் முற்றத்துக்கு மாற்றினோம். தின்னும்போது யாரும் அந்தப் பக்கம் போவதில்லை என்று ஏற்பாடு. அடுத்தது மூட்டைப் பயம். காலை, மாலை பத்து நிமிடம். கடைப் பையன் நாயைப் பிடித்துக் கொண்டு நிற்பான். நாற்பது அடி தூரத்தில் ஒருவர் வெற்றுச் சாக்கைத் தலையில் போட்டுக் கொண்டு நிற்பார். நாய் அவரைப் பார்த்ததும் வேக வைத்த கோழித் துண்டு ஒன்று. அவர் மறைந்தால் துண்டும் இல்லை. ஒரு வாரத்தில் சாக்கைப் பார்த்ததும் நாய் பையனின் கையைப் பார்க்க ஆரம்பித்தது. அப்போதுதான் ஐந்தடி நெருங்கச் சொன்னோம். அவசரப்பட்டு ஒரு நாள் பதினைந்து அடி நெருங்கியதில் மறுபடி உடம்பு விறைத்தது. பழைய தூரத்துக்கே போய்த் தொடங்க வேண்டியதாயிற்று. இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கோழிக்கு ஆன செலவு, லாரிக்குக் கொடுத்த ஒரு நாள் காத்திருப்புக் கூலியைத் தொடவில்லை.

லோடு இறங்கும் நேரத்தில் இன்றும் நாயை வெளியே விடுவதில்லை. பயிற்சி கொடுத்தாயிற்று என்ற நம்பிக்கையில் அடுத்தவர் காலைப் பணயம் வைக்கக் கூடாது.

தவறு செய்து வெகு நேரம் கழித்துத் தண்டிப்பது வீண். இரவில் கிழித்த சாக்கைக் காலையில் காட்டி அடித்தால், நாய் காதைத் தாழ்த்திக் குனிந்து நிற்கும். குற்ற உணர்ச்சி என்று நாம் நினைப்போம். உங்கள் குரலுக்குப் பயந்து நிற்கிறது, அவ்வளவே. சாக்கைக் கடிப்பது இளம் நாய்க்குப் பல் முளைக்கும் அரிப்பு, வளர்ந்த நாய்க்குப் பெரும்பாலும் சும்மா கிடக்கும் சலிப்பு. காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் நடக்கக் கூட்டிப் போனாலே பாதி குறைந்து விடும். மூட்டை மேல் சிறுநீர் கழிப்பது எல்லை குறிப்பது. மனிதருக்குச் சுமார் 60 லட்சம் வாசனை உணர் செல்கள் என்றால் நாய்க்கு 30 கோடி வரை உண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் மூக்குக்குப் போன வாடை அதற்குப் போகவில்லை. எனவே அதே இடத்துக்கு வரும். சோப்பு நீரில் கழுவி, பிறகு வினிகர் கலந்த நீரால் துடைப்பது பலன் தருகிறது. மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்திப் பலகை மேல் அடுக்குவது எப்படியும் செய்ய வேண்டியதுதானே.

கட்டிப் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் 11ஆம் பிரிவில், அநியாயமாகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடக்க விடாமல் வைத்திருப்பதும் குற்றம் என்று இருக்கிறது. நாங்கள் அறியாமல் செய்த குற்றம் அது. இப்போது முற்றத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே கம்பி இழுத்து, வளையத்தில் சங்கிலியைக் கோத்து விட்டோம். முற்றத்தின் நீளம் முழுக்க நடக்கிறது. சில்லறைக் கடை வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உணவுப் பொருள் வைத்திருக்கும் இடத்துக்குள் விலங்குகளை அனுமதிக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் நிபந்தனைகளில் ஒன்று. காவல் நாய் வெளியிலும் முற்றத்திலும்தான் இருக்க வேண்டும், அரிசி மூட்டை மேல் அல்ல.

மளிகைக்காரரின் நாய்க்கு என்று தனியாகச் சில ஆபத்துகள் உண்டு. உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம் ஆகியவை நாய்க்கு ஆகாதவை. திராட்சை சிறுநீரகத்தையே கெடுத்து விடக் கூடும். எலி மருந்தைத் தின்பதோடு, அதைத் தின்று செத்த எலியைத் தின்பதாலும் நாய்க்கு விஷம் ஏறலாம்.

கடைவாசல் நாய்கள்

நம் நாயைவிட நம்முடையது அல்லாத நாய்தான் பெரும்பாலோருக்குத் தொல்லை. இதில் நம்மவர்கள் சிலர் செய்யும் காரியம் வெந்நீர் ஊற்றுவது. இது கொடுமை என்பது ஒரு பக்கம். வலி கண்ட நாய், கையில் பாத்திரத்தோடு வரும் எவரையும் எதிரியாக நினைக்கத் தொடங்கும். வெந்நீர் ஊற்றியவர் கடைக்குள் போய் விடுவார். எண்ணெய் வாங்கத் தூக்குவாளியோடு வரும் குழந்தை மாட்டிக் கொள்ளும். விலங்கைக் கொல்வதும் ஊனப்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதையும், விஷம் வைக்க யோசனை சொல்பவர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

இன்னொரு பக்கம், பொறையும் பிஸ்கட்டும் கடைப் படியிலேயே போடும் தர்மவான்கள். போட்ட இடம் நாய்க்குச் சொந்தமான இடமாகி விடுகிறது. பிறகு படியேறும் வாடிக்கையாளர் அதன் சாப்பாட்டு இடத்தில் காலை வைப்பவர். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், தெரு நாய்களுக்குக் கண்ட இடத்தில் உணவு போடாமல், உள்ளாட்சி அமைப்புகள் ஒதுக்கும் இடங்களில் மட்டுமே போட வேண்டும் என்று உத்தரவிட்டது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த பகுதியிலேயே விட வேண்டும் என்றும், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது என்றும் அதே உத்தரவு கூறியது. கருத்தடை செய்த நாயின் காதில் ஒரு சிறு வெட்டு இருக்கும். நம் கடைத்தெருவில் காது வெட்டு இல்லாத நாய்கள் எத்தனை என்று எண்ணி, சங்கத்தின் பெயரால் நகராட்சிக்கு எழுத்து மூலம் கொடுத்தால் தனி ஆள் புகாரைவிட மதிப்பு இருக்கும்.

குட்டி போட்ட தாய் நாய் கடைப் பலகைக்கு அடியில் ஒண்டியிருந்தால் சில வாரங்கள் பொறுத்துக் கொண்டு, பக்கத்தில் ஒரு சாக்கை வைத்து மறைத்து விடுங்கள். அந்த நாட்களில் சாதுவான நாயும் பாயும்.

தீபாவளி சமயம் பற்றியும் சொல்ல வேண்டும். மனிதக் காது சுமார் 20,000 அதிர்வு வரைதான் கேட்கும், நாய்க்கு 45,000 வரை கேட்கும். சரவெடிக்கு அஞ்சி ஓடும் நாய் எதிரில் வருபவரைக் கடிப்பதுண்டு. அந்த இரண்டு நாளும் கிட்டங்கி நாயை உள் அறையில், ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை ஓட விட்டு வைப்பது நல்லது.

கடிபட்டால்

நாய் கடித்தால் மக்கள் முதலில் ஓடி வருவது பல ஊர்களில் மளிகைக் கடைக்குத்தான். சுண்ணாம்பு கொடு, மிளகாய்த்தூள் கொடு, மஞ்சள்தூள் கொடு என்பார்கள். தயவு செய்து கொடுக்காதீர்கள். ஒரு சோப்பைக் கொடுத்துக் குழாயைக் காட்டுங்கள். ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டும். வெறிநோய்க் கிருமியை அந்த இடத்திலேயே குறைப்பதற்கு இதற்கு ஈடு வேறில்லை. பிறகு நேராக மருத்துவமனை. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்பு மருந்தும் வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய பயத்தில் ஒளிந்து கொள்வோர் இன்னும் இருக்கிறார்கள். அந்த மருந்து நம் நாட்டில் வழக்கொழிந்து இருபது ஆண்டுகளாகிறது. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் ஊசி, கடிபட்ட நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நான்கு தடவை. நோய்க்குறி தோன்றி விட்டால் இந்த நோயிலிருந்து பிழைப்பது இல்லை என்றே சொல்லலாம்.

கடித்த நாயைக் கொல்லாமல் பத்து நாள் கவனிக்க வேண்டும். குரல் மாறுவது, தாடை தொங்கி எச்சில் ஒழுகுவது, காரணமின்றி மரத்தையும் கல்லையும் கடிப்பது, அல்லது நேர்மாறாக இருட்டில் போய்ப் பேசாமல் கிடப்பது ஆகியவை ஆபத்தான அடையாளங்கள். அதற்காக ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது. எங்கள் நாய் பத்தாம் நாளும் வழக்கம் போல் தட்டைக் காலி செய்தது.

28ஆம் நாள் ஊசியைத்தான் பலர் மறந்து விடுகிறார்கள். காயம் ஆறியிருக்கும், கூலியை விட்டு விட்டுப் போக மனம் வராது. எங்கள் கணக்குப்பிள்ளை அந்த நான்கு தேதிகளையும் பில் தவணை எழுதும் காலண்டரில் சிவப்பு மையால் குறித்து வைத்தார். கடைசித் தேதி ஒரு லோடு நாளாக அமைந்தது. அன்றைய கூலியைக் கையில் கொடுத்து, வண்டி வைத்து அவரை மருத்துவமனைக்கு அனுப்பினோம்.